வேலியோரத்து எருக்கம்பூ தோளில் ஏறுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஆறு வருடமாக வேலியோரச் செடிகளை மட்டும் நீர்வண்ணத்தில் வரைந்து வருகிறேன். எருக்கு, ஊமத்தை, நெருஞ்சி, தும்பை, பிரண்டை என்று அறுபது படங்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. இவற்றை வைத்துப் பட்டு ஸ்கார்ஃப், துணிப்பை, கம்மல், ஹேர் கிளிப் எல்லாம் செய்து விற்க ஆசை. ஆர்.டி. முதிர்ந்து 80,000 ரூபாய் கையில் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது? அச்சு எப்படிப் போடுவது, என்ன விலை வைப்பது, யாராவது காப்பியடித்தால் என்ன செய்வது? மெஷினில் அச்சடித்ததைக் கைவினை என்று சொல்லி விற்கலாமா? நான்கு படங்களை ஏற்கெனவே ஒரு டாக்டருக்கு விற்றுவிட்டேன், அவற்றையும் பயன்படுத்தலாமா? எனக்கு வரையச் சொல்லித் தந்த சார், 'பையில் போட்டு விற்கத்தானா இத்தனை வருஷம் கற்றுக்கொண்டாய்?' என்று கேட்டுவிட்டார். அது உறுத்துகிறது. மாமியார் வேறு, ஊமத்தையை எவள் கழுத்தில் சுற்றிக்கொள்வாள் என்கிறார். (பெயர் வேண்டாம்.)

பதில்: உங்கள் சார் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் கணக்கு வழக்கு. இந்த உறுத்தல் போகாமல் உங்களுக்குக் கை ஓடாது.

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறதே, 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் சேர்ந்து உண்டாக்கியது. அந்த நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? அவர்கள் பாத்திக் துணியும் (மெழுகு பூசிச் சாயமேற்றுவது) மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து விற்றதிலிருந்து வந்தது. படம் விலைபோகாத நாளிலும் வீட்டில் உலை வைக்க அந்தக் கைவேலைதான் உதவியது. சாரிடம் சண்டைக்குப் போகாமல், இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பாருங்கள். சென்னை ஓவிய வரலாறு அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் அவர் கோபத்தில் பாதி நியாயமும் இருக்கிறது. சுவரில் மாட்ட வரைந்த படத்தை அப்படியே எடுத்து ஒரு பையின் நடுவில் ஒட்டினால் படமும் கெடும், பையும் கெடும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் செய்தது அதுதான். நானே வரைந்த தாமரைக்குளம். நடுவில் பெரிய பூ, சுற்றிலும் தண்ணீர், நான்கு மூலையிலும் 'மூச்சுவிட இடம்' என்று நினைத்து விட்ட வெற்று வெளி. அதைச் சதுர ஸ்கார்ஃபில் அச்சிட்டு 40 எடுத்தேன். மேசையில் விரித்தபோது அவ்வளவு அழகு. ஒரு தோழி முக்கோணமாக மடித்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரும்பினாள். தாமரை மடிப்புக்குள் போய்ப் பிடரியில் ஒளிந்துகொண்டது. வெளியே தெரிந்தவை மூலைகள் மட்டும், அதாவது நான் ஒன்றுமே வரையாத இடங்கள். ஆறு விற்றது. மிச்சம் 34-ம் தலையணை உறையாக மாறியது. அங்கே தாமரை நடுவில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது!

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: விற்கப்போகும் பொருளுக்காகப் படத்தை மறுபடி வரைய வேண்டும். குறைந்தபட்சம் கத்தரிக்கோலாவது எடுக்க வேண்டும். அந்த மனசு இருந்தால் இறங்குங்கள். 'என் படத்தை வெட்ட மாட்டேன்' என்று தோன்றினால் நல்ல தாளில் பிரின்ட் எடுத்துச் சட்டம் போட்டு விற்கலாம். அதுவும் கௌரவமான தொழில்தான், தலைவலியும் குறைவு.

வெட்டுவது என்றால் என்ன என்று உங்கள் எருக்கை வைத்தே சொல்கிறேன். படத்தைக் கலர் ஜெராக்ஸ் எடுங்கள். ஒரே அளவில் நான்கு, பாதி அளவில் ஆறு, இரண்டு மடங்கில் ஒன்று. சாதாரணத் தாள் போதும். பூங்கொத்துகளைத் தனியாக வெட்டுங்கள், அந்தச் சாம்பல் பூத்த இலைகளைத் தனியாக வெட்டுங்கள். உடைந்து பஞ்சு பறக்கும் காயை வரைந்திருந்தால் அதையும். அப்புறம் ஒரு பழைய வெள்ளைத் துப்பட்டாவில் இவற்றைக் குண்டூசியால் குத்தித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், முதுகுப்பக்கம் யாரையாவது போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எது தெரிகிறது, எது மடிப்பில் போகிறது என்று கால்மணி நேரத்தில் புரிந்துவிடும். தாளில் உங்களுக்கு முக்கியமாக இருந்த பூ இங்கே உதிரியாகிவிடலாம். பின்னணி என்று நினைத்த இலைக்கூட்டம் மொத்தத் துணியையும் தாங்கலாம். 200 ரூபாய்க்குள் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் அச்சுக்காரரிடம் போகவே போகாதீர்கள்.

இனி எந்தப் பொருள். நீங்கள் நான்கு சொன்னீர்கள். ஒன்றில் ஆரம்பியுங்கள்.

பட்டுச் சதுர ஸ்கார்ஃப் வேண்டாம். நம்மூர் வெயிலில் கழுத்தில் பட்டுச் சதுரம் கட்டிக்கொண்டு போகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். 90 சென்டிமீட்டர் சதுரப் பட்டு குளிர்தேசத்துச் சமாசாரம். பாரிஸில் ஹெர்மேஸ் நிறுவனம் 1937-ல் அதைத் தொடங்கியபோது அங்கே அதற்கு மேல்கோட்டும் குளிரும் இருந்தன. இங்கே பெண்கள் அன்றாடம் போடுவது துப்பட்டாவும், அதைவிடக் குறுகலான ஸ்டோலும். வண்டி ஓட்டுகிறவர்கள் தலையோடு சுற்றிக்கொள்வது, ஆபீஸ் ஏசிக்குத் தோளில் போடுவது, வெறும் குர்த்தாவுக்கு ஒரு எடுப்பு என்று ஸ்டோலுக்கு மூன்று நான்கு உபயோகம்.

துணிக்கணக்கும் ஸ்டோலுக்குத்தான் சாதகம். 44 அங்குல அகலத் துணியில் ஓரம் போக ஏறக்குறைய 42 அங்குலம் அச்சுக்குக் கிடைக்கும். 21 அங்குல ஸ்டோல் இரண்டு அதில் பக்கத்தில் பக்கமாக வந்துவிடும். நீளம் இரண்டு மீட்டர். ஆக ஒரு ஸ்டோலுக்கு ஒரு மீட்டர் துணி, துண்டு மீதம் இல்லை. அதே துணியில் 36 அங்குலச் சதுரம் வெட்டினால் ஒரு பக்கம் கீற்றாக மிஞ்சும், அதை வைத்து ஹேர் பேண்ட் தைக்கலாமா பவுச் தைக்கலாமா என்று ராத்திரி தூக்கம் கெடும்.

துணிப்பை நல்ல பொருள்தான், ஆனால் தமிழ்நாட்டில் அது இலவசப் பொருள். ஒவ்வொரு கல்யாணத்திலும் தாம்பூலப் பை கொடுக்கிறார்கள், வீட்டில் கதவுக்குப் பின்னால் இருபது தொங்குகிறது. போதாததற்கு 2021 டிசம்பரிலிருந்து அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று பிரசாரம் செய்கிறது. உங்கள் பைக்கு 600 ரூபாய் கேட்க வேண்டுமென்றால் உள்ளே லைனிங், ஜிப், செல்போனுக்கு ஒரு பாக்கெட், தோளை அறுக்காத பட்டை எல்லாம் வேண்டும். அது நல்ல பை தைப்பவர் கிடைத்த பிறகு பார்க்க வேண்டிய வேலை. அப்போதும் நீர்வண்ணத்தை அதில் போடாதீர்கள். பிரண்டையைக் கோட்டோவியமாக வரைந்து, காடா துணியில் ஒரே நிறத்தில் கையால் ஸ்கிரீன் பிரின்ட் போடுங்கள். அந்தக் கணுக்கணுவான தண்டுக்கு ஒரு நிறம் போதும். துணியை முதலில் நனைத்துக் காயவைத்துவிட்டு அச்சடியுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் பை சுருங்கிப் பிரண்டை கோணிக்கொள்ளும்.

கம்மலும் கிளிப்பும் இப்போதைக்கு வேண்டாம். படத்தைச் சின்னதாக்கி ரெசின் ஊற்றினால் கம்மல் என்று நிறையப் பேர் செய்கிறார்கள். ரெசின் வெயில்பட்டு மஞ்சளாகும், கொக்கியில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது புண்ணாகும், எருக்கம்பூவை ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சுருக்கினால் அது எருக்கா கத்தரிப்பூவா என்றே தெரியாது.

சரி, ஸ்டோல் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை ஸ்கேன். செல்போனில் எடுத்த போட்டோ உதவாது. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், ஓரம் வளைந்திருக்கும். ஏ4 அளவுப் படத்தை 600 டிபிஐயில் (அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால், துணி அச்சுக்குப் போதுமான 150 டிபிஐயில் நான்கு மடங்கு வரை பெரிதாக்கலாம். உங்கள் கைவிரல் அளவு நெருஞ்சிப்பூ உள்ளங்கையை மீறிப் பூக்கும். படங்கள் பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று பகுதியாக ஸ்கேன் செய்து கணினியில் ஒட்டிக்கொள்ளலாம். இனிமேல் எந்தப் படத்தை விற்றாலும் ஸ்கேன் செய்யாமல் கையைவிட்டு விடாதீர்கள்.

ஸ்கேனில் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் ஒன்று உண்டு. நாம் வெள்ளை என்று நினைக்கிற தாள் வெள்ளை இல்லை. நீர்வண்ணத் தாள் கொஞ்சம் பழுப்பு, அதில் சொரசொரப்பு வேறு. கண் அதைக் கழித்துவிட்டுப் பார்க்கும், மெஷின் கழிக்காது. துணியில் உங்கள் தும்பைப் பூவைச் சுற்றி டீ கொட்டின மாதிரி ஒரு திட்டு விழும். தாள் நிறத்தை முழுக்க நீக்கச் சொல்லுங்கள். அதே சமயம் வண்ணம் தண்ணீரோடு பரவி மங்குகிற ஓரங்களை அந்தக் கணினிப் பையன் கூராக வெட்டிவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். நீர்வண்ணத்தின் உயிரே அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. தும்பையைப் பொறுத்தவரை இன்னொரு யோசனை: வெள்ளைப் பூவுக்கு வெள்ளைத் துணி எதற்கு? பின்னணியைச் செம்மண் நிறமாக்கிப் பாருங்கள்.

அடுத்தது அச்சு. டிஜிட்டல் பிரின்டிங் சென்னையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கிடைக்கிறது. எந்தத் துணிக்கு எந்த மை என்று தெரிந்துகொண்டு போனால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. பருத்திக்கு ரியாக்டிவ் மை. பட்டுக்கு ஆசிட் மை, ரியாக்டிவும் பிடிக்கும். அதனால் பட்டும் பருத்தியும் கலந்த துணிக்கு ரியாக்டிவ்தான் பொருத்தம், நான் உங்களுக்குச் சொல்வதும் அந்தத் துணியைத்தான். சப்ளிமேஷன் என்று சூட்டில் மையை ஆவியாக்கி ஏற்றுவது பாலியெஸ்டருக்கு மட்டும். 'எந்தத் துணியானாலும் கொடுங்க, ஒரு மணி நேரத்துல போட்டுத் தர்றோம்' என்று ஒரு கடையில் சொன்னால், பெரும்பாலும் ஃபிலிமில் அடித்துச் சூடு வைத்து ஒட்டுகிற வகையாக இருக்கும். டீ-ஷர்ட்டுக்கு அது சரி. ஸ்டோலில் அது பிளாஸ்டிக் பிளாஸ்திரி போல விறைத்துக்கொண்டு நிற்கும்.

ரியாக்டிவ் அச்சு மெஷினிலிருந்து வரும்போது நிறம் சோகை பிடித்தது போல இருக்கும். பயப்படாதீர்கள். ஆவியில் வேகவைத்து, அலசி எடுத்த பிறகுதான் நிறம் எழும்பி நிற்கும். அப்போதும் நீங்கள் தாளில் பார்த்த நிறம் அச்சு அசலாக வராது. எருக்கின் அந்த வெளிறிய ஊதாவில்தான் முதல் சண்டை வரும், ஒன்று நீலமாகப் போகும் அல்லது ரோஜாவாகப் போகும். அதனால் நேராக 30 ஸ்டோலுக்கு ஆர்டர் கொடுக்காமல் ஒரு மீட்டர் சாம்பிள் கேளுங்கள். அந்த ஒரு மீட்டரில் நான்கு படங்களின் துண்டுகளையும், ஒரே ஊதாவை எட்டுப் பத்து விதமாக மாற்றிய கட்டங்களையும் நெருக்கமாக அடுக்கி அச்சிடச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்து எந்தக் கட்டம் உங்கள் எருக்கு என்று முடிவுசெய்யலாம். பிறகு அதே துண்டை மூன்றாக வெட்டுங்கள். ஒன்றைச் சோப்புப் போட்டு ஐந்து முறை துவையுங்கள். ஒன்றை ஈர வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் தேயுங்கள், கழுத்து வியர்வையில் சாயம் இறங்குமா என்று அது சொல்லிவிடும். ஒன்றைப் பாதி அட்டையால் மூடி மொட்டைமாடியில் பத்து நாள் போடுங்கள். தஞ்சாவூர் ஜில்லா வெயிலைவிட நேர்மையான பரிசோதனைக்கூடம் கிடையாது.

கைவினை என்ற சொல்லுக்கு வருகிறேன். நீங்களே கேட்டதற்கு நன்றி, பலர் கேட்பதே இல்லை. ஸ்ரீகாளஹஸ்தியில் மூங்கில் பேனாவால் துணியில் நேராக வரைவது கலம்காரி. அந்த டிசைனை ஸ்கிரீனில் அடித்துவிட்டு அதே பெயரில் கால் விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நஷ்டம், ஒரு புடவைக்கு வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்தவருக்கு. அந்தப் பக்கம் நாம் போக வேண்டாம். டேகில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: 'ஓவியம் கையால் வரைந்தது. துணியில் டிஜிட்டல் அச்சு. குச்சும் ஓரமும் கைவேலை.' இப்படி எழுதியதற்காக ஒரு கஸ்டமர் கூட என்னிடம் வாங்காமல் போனதில்லை. கேள்வி கேட்டு வாங்குகிறவர்கள்தான் அதிகமானார்கள்.

ஆனால் அந்த மூன்றாவது வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டுமே. அதற்கு நீங்கள் இருக்கும் ஊரே உதவும். பக்கத்தில் திருபுவனம், பட்டு நெசவு ஊர். அந்த வட்டாரத்தில் புடவைக்குக் குச்சு கட்டுகிற பெண்கள் இருப்பார்கள், விசாரியுங்கள். ஸ்டோலின் இரு முனையிலும் வழக்கமான பொட்டுக் குச்சு வேண்டாம். எருக்கம்பூ ஐந்து இதழோடு நடுவில் ஒரு கிரீடம் வைத்தது போல இருக்குமல்லவா? அந்த மொட்டின் வடிவில் ஊதாப் பட்டுநூலால் முடிச்சுப் போட முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். உங்கள் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அவர்கள் கை உங்களுக்குத் தோன்றாத ஒன்றைச் செய்துகாட்டும். நெருஞ்சிக்கு இன்னொரு வழி இருக்கிறது. இலையையும் கொடியையும் மட்டும் அச்சடித்துவிட்டு, மஞ்சள் பூக்களை முடிச்சுத் தையலில் போடலாம். அச்சு எங்கே முடிகிறது, ஊசி எங்கே தொடங்குகிறது என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு ஸ்டோலுக்கு ஏழு பூ, அதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முதல் ஒன்றுக்கு ஆவதை எண்ணாதீர்கள், பத்தாவதற்கு ஆவதுதான் கணக்கு. குச்சு கட்டுபவருக்குப் பீஸ் ரேட் பேசும்போதும் அவரோடு உட்கார்ந்து இந்த நேரக்கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

விலைக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்களை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் துணியும் அச்சும் சேர்த்து 650 ரூபாய் என்று வைப்போம். குச்சும் ஓரத் தையலும் 150. டேக், கவர், பெட்டி 60. பழுதாகிப் போகிறவற்றுக்காக ஒவ்வொன்றின் தலையிலும் 40. ஆக 900. இதோடு நிறுத்திவிட்டு 'இரண்டால் பெருக்கு, 1,800' என்று போய்விடுவார்கள். உங்கள் உழைப்பு எங்கே? ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, இஸ்திரி போட்டு, பொதிய அரைமணி நேரம், 100 ரூபாய். ஒரு டிசைனை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய மூன்று நாள். நாளுக்கு 1,500 வீதம் 4,500. அந்த டிசைனில் போகப்போக மொத்தம் 30 ஸ்டோல் போடுவீர்கள் என்று வைத்துப் பங்கிட்டால் தலைக்கு 150. இப்போது அடக்கம் 1,150. பொட்டிக்கில் வைத்து விற்கத் தந்தால் 35 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,000 விலை வைத்தால் உங்கள் கைக்கு வருவது 1,300. மிச்சம் 150 ரூபாய். ஒரு ஸ்டோலில் கறை பட்டுத் திரும்பி வந்தால் எட்டு ஸ்டோலின் லாபம் போச்சு. 2,300 வைத்தால் கைக்கு 1,495, மிச்சம் 345. தொழிலை நடத்த அதாவது வேண்டும்.

'நான் நேராகத்தானே விற்கப்போகிறேன், கமிஷனைக் கழித்து 1,500-க்குத் தருகிறேன்' என்று தோன்றும். செய்யாதீர்கள். நாளைக்கு ஒரு கடை உங்கள் பொருளைக் கேட்கும்போது, இன்ஸ்டாகிராமில் 1,500-க்குக் கிடைப்பதை அவர்கள் எப்படி 2,300-க்கு விற்பார்கள்? எல்லா இடத்திலும் ஒரே விலை. அக்கம்பக்கத்து டீச்சர்களுக்கு வேண்டுமானால் தீபாவளிக்குத் தள்ளுபடி கொடுங்கள். கடையில் 'விற்ற பிறகு காசு' என்ற பேச்சு வந்தால் எத்தனை பீஸ், எத்தனை நாள், அழுக்கானால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். என்னுடைய 18 ஸ்டோல்கள் ஒரு கடையின் கண்ணாடி ஷோகேஸில் ஏழு மாதம் வெயில் காய்ந்து, மடிப்புக் கோட்டில் வெளுத்துத் திரும்பி வந்தன. தாளில் ஒன்றும் இல்லாததால் என்னிடம் பேச்சும் இல்லை.

80,000 முழுவதையும் போடாதீர்கள். மூன்று டிசைன், ஒவ்வொன்றிலும் 10 ஸ்டோல். 900 வீதம் 27,000. சாம்பிளுக்கு 5,000. ஸ்கேனும் நல்ல போட்டோவும் 3,000. மொத்தம் 35,000. மீதி பேங்கில் இருக்கட்டும். இந்த அளவுக்குப் பெரிய லைசென்ஸ் எதுவும் தேவைப்படாது. பொருள் விற்பனைக்கு மாநிலத்துக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் விதி வேறு, அதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காப்பியடிப்பது பற்றிக் கேட்டீர்கள். இங்கே நம் சட்டத்தில் ஓவியர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. 1957-ம் வருடத்துக் காப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி நீங்கள் படத்தை வரைந்து முடித்த நொடியே உரிமை உங்களுடையது. பதிவு கட்டாயமில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பிறகு 60 வருடமும் அது இருக்கும். ஆனால் அதே சட்டத்தின் 15-வது பிரிவைப் பாருங்கள். ஒரு பொருளில் போட்ட டிசைனை 2000-ம் வருடத்து டிசைன் சட்டத்தில் பதிவுசெய்ய வாய்ப்பிருந்தும் செய்யாமல், அந்தப் பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், அந்த டிசைனுக்கு உண்டான காப்புரிமை போய்விடும். தாளில் இருக்கும் உங்கள் எருக்குப் படத்தின் மீதான உரிமை அப்படியே இருக்கும், அதைப் போஸ்டராக அடித்தவன்மேல் வழக்குப் போடலாம். ஸ்டோலாக அடித்தவனை எதிர்க்கும்போதுதான் கையில் ஆயுதம் இருக்காது.

முதல் சுற்றில் டிசைனுக்கு 10 தான் போடுகிறீர்கள், அதனால் அவசரமில்லை. எந்த டிசைன் ஓடும், எதை நூற்றுக்கணக்கில் அடிக்கப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே உள்ளுணர்வு சொன்னால், அந்த ஒன்றை மட்டும் பதிவுசெய்யுங்கள். பதிவு முதலில் 10 வருடத்துக்கு, பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். டிசைன் புதிதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் ஸ்டோலின் போட்டோவை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்னாலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். லைக்குக்கு ஆசைப்பட்டு இதைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பதிவு பொருள்வகைப்படி நடக்கும், ஸ்டோலுக்குச் செய்தது பைக்குச் செல்லாது. நீங்கள் ஏற்கெனவே படங்களாக வெளியிட்டவற்றின் நிலை கொஞ்சம் நுணுக்கமானது. அதற்கு அறிவுசார் சொத்துரிமை பார்க்கிற வக்கீலிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பது வீண்போகாது.

டாக்டருக்கு விற்ற நான்கு படங்கள்: நீங்களாக வரைந்து வைத்திருந்ததை அவர் வாங்கிக்கொண்டார் என்றால், அவருக்குப் போனது அந்தத் தாள் மட்டும். எழுத்தில் உரிமையை மாற்றித் தராத வரை, காப்புரிமை உங்களிடம்தான். 'என் கிளினிக்குக்கு இந்த நான்கு செடி வரைந்து தாருங்கள்' என்று சொல்லிப் பணம் கொடுத்து வரையவைத்திருந்தால் கதை வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சட்டப்படி முதல் உரிமையாளர் அவர். அப்படியானால் ஒரு நடை போய்க் கேட்டு, இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள், ஒரு ஸ்டோலையும் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்னொன்று: அறுபதில் ஏதாவது ஒன்றை யாரோ எடுத்த போட்டோவைப் பார்த்து அப்படியே வரைந்திருந்தால் அதை ஒதுக்கிவையுங்கள். போட்டோ எடுத்தவருக்கும் உரிமை இருக்கிறது. செடி அதே வேலியில்தானே இருக்கும், போய் நேரில் பார்த்து மறுபடி வரைந்துவிடலாம்.

கடைசியாக மாமியார். எருக்கம் மாலை இல்லாமல் அவர் வீட்டுப் பிள்ளையார் சதுர்த்தி நடக்கிறதா என்று கேளுங்கள். ஊமத்தம்பூ சிவனுக்குச் சாத்துவது, கும்பகோணத்தில் சிவன் கோயிலுக்கா பஞ்சம்? டேகின் பின்பக்கம் செடியின் பெயரையும் அது எந்தச் சாமிக்கு உகந்தது என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டால், விஷச்செடி பேச்சு தன்னால் அடங்கும். அந்த ஒரு வரியை அவரையே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முதல் மூன்று டிசைனில் ஊமத்தையைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் விஷமில்லை. அந்த நீளக் குழல் பூவுக்கு ஸ்டோலின் அகலம் போதாது. துப்பட்டா அளவுக்குப் போகும்போது, முள்ளுக்காயோடு சேர்த்துக் குறுக்கே வரையுங்கள்.